கோர்னெலின் கண்ணாடிப் பேழைகள்

கலைஞன் தன் கையால் ஆக்கியதே கலைப்பொருள் என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலே ஆட்டங் கண்டது. 1914ஆம் ஆண்டு மார்செல் துஷாம், பரிஸ் கடையொன்றில் வாங்கிய போத்தல் உலர்த்தும் தட்டினைத் தமது கலைப்பொருளாகக் கொண்டார். ஆக்குதலன்றித் தேர்தலும் கலைஞன் தொழிலே என்பது அவர் கருத்து. அக்கருத்து வகுத்த வழியிலே வந்தனவாயினும், முற்றிலும் வேறான உள்ளத்தோடு அமைக்கப்பட்டவை அமெரிக்கரான ஜோசெப் கோர்னெலின் பேழைகள்.

கோர்னெல் 1903ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்து நயாக் என்னும் ஊரிற் பிறந்தவர். 1917இல் தந்தையார் இறந்தார். இளைய சகோதரர் ரொபேட் பெருமூளை வாதத்தால் நடமாட இயலாதவர். ஆதலின் குடும்பப் பாரம் மூத்த மகன் தோளிலே தங்கியது. ஓவியப் பள்ளி எதிலும் பயிலாத அவர், 1921 முதல் மன்ஹற்றனிற் கம்பளித் துணி விற்று அலைந்தார். அவ்வலைச்சலே அவருக்குக் கல்வியாயிற்று. இடையிடையே பழைய நூற்கடைகளிலும் மலிவுச் சாமான் கடைகளிலும் புகுந்து, படங்கள், பொம்மைகள், தேசப்படங்கள் முதலியவற்றைத் தேடிச் சேர்த்தார். 1929இல் குடும்பம் குவீன்ஸ் பகுதியில் யூட்டோப்பியா பார்க்வே என்னும் வீதியிற் குடியேறியது. குறையேதுமற்ற கற்பனை நாட்டின் பெயரைப் பூண்ட வீதி அது! தாயும் தம்பியும் துயின்ற பின் சமையலறை மேசையிலே அவர் கலைத்தொழில் நடந்தது.

1931இல் ஜூலியன் லெவியின் காட்சிக்கூடத்தில் மக்ஸ் ஏர்ன்ஸ்டின் ஒட்டுப்படங்களைக் கண்டமை அவருக்குத் திருப்பமாயிற்று. அடுத்த ஆண்டே அவருடைய ஆக்கங்களும் அங்கே காட்சிக்கு வந்தன.

1936இல் அமைத்த ‘சவர்க்காரக் குமிழித் தொகுதி’ சிறப்பாக நோக்கற்பாலது. கண்ணாடி முகப்புடைய மரப்பேழை அது. உயரம் ஏறத்தாழ 16 அங்குலம். உள்ளே களிமண் குழாய் ஒன்று, கிண்ணத்தில் ஒரு முட்டை, பொம்மைத் தலை ஒன்று, பின்னணியிற் பிரெஞ்சு மொழியிலமைந்த சந்திரனின் படம். தனித்தனியே இவை விலை பெறாத பொருள்கள். ஒருங்கு வைத்தபோதோ, சிறுவன் ஊதிய குமிழி சந்திரனாக விரிந்தது போலவும், முட்டை அதன் எதிரொலி போலவும் தோன்றுகின்றன. 1938இல் ஹாட்ஃபோட் நகரின் வாட்ஸ்வேர்த் அதீனியம் இதனை வாங்கியது. கோர்னெலின் ஆக்கமொன்றை அரும்பொருட்சாலை விலைகொடுத்துப் பெற்றது அதுவே முதன்முறை.

இவரை மீமெய்யியலாரோடு சேர்த்தெண்ணுவோர் பலர். அது பொருந்தாது. அவர்தம் கனவுக் கொள்கையிலே தமக்கு உடன்பாடில்லையென 1936இல் அவரே அல்பிரட் பாருக்கு எழுதினார். துஷாமோடு ஒப்பிடின் வேற்றுமை இன்னுந் தெளிவாகும். 1940களில் துஷாம் தம் படைப்புகளின் சிற்றுருவங்களைப் பெட்டிக்குள் அடக்கியபோது, அவற்றைக் கோப்பதில் உதவியவர் கோர்னெல். முன்னவர் பெட்டியிலே துஷாமே நிறைந்திருந்தார். பின்னவர் பேழையிலே பிறர் கைவிட்ட பொருள்கள் பேணப்பட்டன. நோயாளித் தம்பியை ஆயுள் முழுதும் பேணிய கைகளுக்கு இப்பண்பு இயல்பே எனலாம். 1965இல் ரொபேட் இறந்தபின், அவர் வரைந்த சித்திரங்களைத் தம் ஒட்டுப்படங்களிற் சேர்த்ததோடு, அடுத்த ஆண்டில் நினைவுக் காட்சியும் நடத்தினார்.

பேழைகள் சிலவற்றிற் பந்துகள் உருளும். சிலவற்றில் மணல் இடம்பெயரும். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பதற்கென்றே அமைந்த அவை இன்று அரும்பொருட்சாலைகளில் அசையாது கிடக்கின்றன. அழியாமற் காப்பதற்கு அது வேண்டியதே. ஆயினும், பாதிப் பொருளையே நாம் காண்கின்றோம். 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் கூப்பர் யூனியனிற் சிறுவருக்கென ஒரு காட்சி நடைபெற்றது. பேழைகள் சிறுவரின் கண்மட்டத்திலே தாழ்த்தி வைக்கப்பட்டன. வந்த சிறுவருக்குக் கேக்கும் செரிப்பழச் சுவைப் பானமும் வழங்கப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பர் 29ஆம் நாள் கோர்னெல் காலமானார்.