ஒரு ஏக்கரில் 160 சென்ட்

கள்ளக்குறிச்சிப் பக்கம் காடு கழனி வாங்கப் போகிற யாரும் முதலில் செய்கிற வேலை, வில்லங்கம் பார்ப்பது. அந்த சர்வே நம்பரில் இதுவரை யார் யாருக்கு என்ன எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ். நான் சாஃப்ட்வேர்காரன். எங்கள் தொழிலில் இந்தப் பழக்கம் எப்படி, எவ்வளவு தாமதமாக வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு டாம்கேட் சர்வர், அதில் நாலைந்து அப்ளிகேஷன்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கான்ஃபிகரேஷன் கோப்பு. காலை 10 மணிக்கு இரண்டு பேர் அதைத் திறக்கிறார்கள். ஒருவர் டேட்டாபேஸ் இணைப்புகளைக் கூட்டி 10.05-க்கு சேமிக்கிறார். மற்றவர் டைம்அவுட்டை மாற்றி 10.10-க்கு சேமிக்கிறார். இரண்டாமவர் கையில் இருந்தது 10 மணிப் பிரதி. அதனால் முதலாமவர் செய்த வேலை சத்தமில்லாமல் போச்சு. எர்ரர் எதுவும் வராது.

இதற்கு முதல் வைத்தியம் பூட்டு. 1972-ல் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., 1982-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி வெளியிட்ட ஆர்.சி.எஸ். இரண்டிலும் விதி ஒன்றுதான்: கோப்பை எழுத எடுத்தவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் வாசிக்கலாம், எழுத முடியாது. யூனிக்ஸில் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்த 1980-ல் வந்த 'விஐபிடபிள்யூ' கட்டளையும் இதே வேலையைத்தான் செய்தது.

ஒரே பேனா முறை நம் ஊருக்குப் புதிதில்லை. கிராமக் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் கையில்தான் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்த பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார். மேலே கல்வராயன் மலையிலோ, 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை மூன்று ஜாகிர்தார்கள் வைத்ததுதான் சட்டம். ஒரே பேனா என்றால் இரண்டு கை மோதாது, உண்மைதான். ஆனால் பேனாக்காரர் வரும்வரை ஊரே காத்திருக்கணும். அவர் எழுதியது சரியா என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தியில் மேலதிகாரி பார்த்தால்தான் உண்டு. ஆர்.சி.எஸ்.-இலும் இதே கதை. பூட்டியவர் லீவில் போய்விட்டால் வேலை நின்றுவிடும்.

1981-ல் எச். டி. குங், ஜான் ராபின்சன் இருவரும் வேறு வழி சொன்னார்கள். பூட்டவே வேண்டாம். எல்லோரும் வேலை செய்யட்டும், சேமிக்கும்போது மட்டும் இடையில் வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். அவர்கள் பேசியது டேட்டாபேஸுக்கு. கோப்புகளுக்கு அதே போக்கைக் கொண்டுவந்தவர் ஆம்ஸ்டர்டாமில் பாடம் நடத்திய டிக் க்ரூன். அவரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதினார்கள். மூவரும் வேலை செய்யும் நேரம் ஒத்துவரவே இல்லை. பூட்டோடு காலம் தள்ள முடியாமல் 1986-ல் பிறந்தது சி.வி.எஸ். வெவ்வேறு வரிகளில் செய்த மாற்றங்களை அதுவே சேர்த்துவிடும், ஒரே வரியில் மோதினால் மட்டும் ஆளைக் கூப்பிடும். இன்றைய கிட் வரைக்கும் அடிப்படை இதுதான்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். ஒருவர் தன் அப்ளிகேஷனுக்கு 80 என்று எழுதுகிறார். இன்னொருவர் வேறு வரியில் தன்னுடையதற்கு 80 என்று எழுதுகிறார். வரிகள் மோதவில்லை, கருவி சந்தோஷமாகச் சேர்த்துவிடும். கூட்டம் வருகிற நாளில் 100-க்கு மேல் கேட்கிற அப்ளிகேஷனுக்குக் கதவு சாத்தப்படும். கருவி காப்பாற்றுவது வரிகளை, வரிகளுக்குப் பின்னால் இருக்கிற பொதுச் சொத்தை அல்ல.

இதையே நிலத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட் வைத்திருப்பவர் ஒருவருக்கு 80 சென்ட், இன்னொருவருக்கு 80 சென்ட் என்று இரண்டு பத்திரம் எழுதுகிறார். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சுத்தம். நம் சட்டங்கள் இந்த இடத்தில் தெளிவாக இருக்கின்றன. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி முந்தைய உரிமைக்குப் பிந்தையது கட்டுப்பட்டது. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 52-வது பிரிவு, பத்திரத்தைக் கொண்டுவந்த நாள், மணி, இடம் மூன்றையும் அதன் மேலேயே குறிக்கச் சொல்கிறது; ஏற்றுக்கொண்ட வரிசையிலேயே புத்தகத்தில் நகலெடுக்கச் சொல்கிறது. 55-வது பிரிவில் ஆள் பெயருக்கு ஒரு அட்டவணை, சொத்துக்குத் தனியாக இன்னொரு அட்டவணை. வில்லங்கம் பார்க்க முடிவதே இந்த இரண்டாவது அட்டவணையால்தான். எங்கள் மாற்றப் பதிவுகளில் 'யார், எந்தக் கோப்பு' என்பது இருக்கும். 'எந்தப் பொதுச் சொத்து' என்ற அட்டவணை அநேகமாக இருக்காது.

இன்னொரு நுணுக்கம் 47-வது பிரிவில். பதிவான பத்திரம் செல்லுபடியாவது பதிவு செய்த நேரத்திலிருந்து அல்ல. பதிவே தேவைப்படாதிருந்தால் எப்போது செல்லுபடியாகியிருக்குமோ அப்போதிலிருந்து. பதிவு நேரம் வேறு, அமலாகும் நேரம் வேறு. டாம்கேட் தன் முக்கியக் கோப்பைப் படிப்பது துவங்கும்போதுதான். காலையில் ஒருவர் சேமித்தது, ராத்திரி வேறொருவர் வேறு காரணத்துக்காக ரீஸ்டார்ட் செய்யும்போது அமலாகும். பழி ரீஸ்டார்ட் செய்தவர் தலையில் விழும்.

கள்ளக்குறிச்சி 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரத்துக்குப் போனது. 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமானது. மாவட்டப் பெயர் இரண்டு முறை மாறியும் பழைய பத்திரத்தைத் தேட முடிகிறது, ஏனென்றால் தேடுவது சொத்தை வைத்து. சர்வரை வேறு இடத்துக்கு மாற்றும்போது நாம் பழைய பதிவை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

ஆகவே கிட் இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பொது சர்வரில் கை வைக்குமுன் மூன்று கேள்வி: இந்த மாற்றம் எந்தப் பொதுச் சொத்திலிருந்து எடுக்கிறது? அதில் ஏற்கெனவே யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது? சேமித்தும் அமலாகாமல் காத்திருப்பது எது? பதில் கிடைக்காத மாற்றத்தை அன்றைக்குச் செய்யாமல் விடலாம். வில்லங்கம் வராமல் யாரும் கிரயத்துக்கு உட்கார்வதில்லையே.