பழைய நாடாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

எங்கட வீட்டு அலுமாரியில கனகாலமா ஒரு பழைய ஹாட் டிஸ்க் கிடந்தது. அண்ணாவின் படங்கள் முழுக்க அதுக்குள்ளதான். என்ர லெப்டொப்பில் அதைக் கொழுவ வழியில்லை. போன மாதம் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கி மாட்டினன், படங்கள் வந்துட்டுது. அந்தச் சின்னப் பொருளுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

1979இல் அமெரிக்காவின் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் வட்டுகளைக் கணினியோடு இணைக்க ஒரு முறையை உருவாக்கியது. அதிலிருந்து வளர்ந்த ‘ஸ்கசி’ 1986இல் அந்த நாட்டின் தரநிலையானது. ஒரு கேபிளில் கணினியையும் சேர்த்து எட்டுக் கருவிகள். சாதாரண கேபிள் 6 மீற்றர், விலைகூடின வகை 25 மீற்றர். தரவைப் பதியும் நாடா இயந்திரம் கணினிக்குப் பக்கத்திலேயே நிற்க வேணும்.

1994இல் ‘ஃபைபர் சனல்’ தரநிலை வந்தது. கண்ணாடி இழையில் ஒளியாகத் தரவு 10 கிலோமீற்றர் வரை போகும். பல சேவர்கள் ஒரே சேமிப்பகத்தைப் பகிரலாம். ஆனால் நிறுவனங்களிடம் இருந்த விலைகூடின நாடா இயந்திரங்களை என்ன செய்யிறது? ஆண்டுக்கணக்கான பதிவுகள் அந்த நாடாக்களில்தானே இருந்தன.

அதுக்குத்தான் 1990களின் பிற்பகுதியில் ‘பிரிட்ஜ்’ பெட்டிகள் வந்தன. ஒரு பக்கம் ஒளியிழை, மறுபக்கம் பழைய கேபிள். இது எப்படிச் சரிவந்தது? புதியதை வடிவமைத்தவர்கள் பாதையை மாற்றினார்கள், மொழியை மாற்றவில்லை. ‘வாசி’, ‘எழுது’, ‘நாடாவைத் திருப்பிச் சுற்று’ எல்லாம் அதே ஸ்கசிக் கட்டளைகள். பிரிட்ஜ் அவற்றை ஒரு உறையிலிருந்து எடுத்து மற்ற உறைக்குள் போட்டது.

சிக்கலும் வந்தது. ஒரு சேவர் எழுதிக்கொண்டிருக்கேக்க இன்னொன்று நாடாவைச் சுற்றினால் எல்லாம் நாசம். பழைய இயந்திரத்துக்குக் கட்டளை எல்லாம் பிரிட்ஜிடமிருந்தே வருவதாகத் தெரியும். பின்னால எந்தச் சேவர் நிற்குது எண்டு தெரியாது. அதனால ‘இப்ப இது ஆருக்கு’ எண்டு கணக்கு வைக்கிற பொறுப்பும் பிரிட்ஜின் தலையில விழுந்தது.

உங்கட பென் டிரைவ் இன்றைக்கும் பேசுவது ஸ்கசிக் கட்டளைகளைத்தான். என்ர அடாப்டரும் அவற்றைப் பழைய டிஸ்க்குக்கு விளங்கிற மாதிரி மாற்றிச் சொன்னதுதான். பழசைப் பூட்டி வைச்சால் மட்டும் காணாது. அதின்ர மொழி தெரிஞ்ச ஒண்டு புதுசிலயும் இருக்கவேணும். உங்கட அலுமாரியையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ, இந்த அடாப்டர்கள் கடையில கிடைக்கிற காலத்திலேயே.