ஷிட்சுரேயும் புரேயும்

ஜப்பானிய மொழியில் மரியாதைக் குறைவைக் குறிக்கும் 'ஷிட்சுரே', 'புரே' என்ற இரண்டும் முறையான சொற்கள். இரண்டிலும் வரும் 'ரே', கன்பூசிய மரபு போற்றிய முறைமை. முதல் சொல்லில் அந்த முறைமை தவறிப்போகிறது. இரண்டாவதில் அது அறவே இல்லை. அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான். வழக்கில் அப்படியில்லை.

ஷிட்சுரே பெரும்பாலும் பேசுபவர் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் குறை. மேலதிகாரியின் அறைக்குள் நுழையும்போது 'ஷிட்சுரே ஷிமாசு' (முறை தவறுகிறேன்) என்பார்கள். வெளியேறும்போதும், தொலைபேசியை வைக்கும்போதும் அதுவே. மற்றவர்கள் வேலையில் இருக்க முதலில் கிளம்புகிறவர் 'ஒசாகி நி' (உங்களுக்கு முன்னதாக) என்று முன்னால் சேர்த்துக்கொள்வார். குறை இன்னும் நேரவில்லை. நேரப்போவதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார். நேர்ந்துவிட்டதற்கு 'ஷிட்சுரே ஷிமாஷிதா'. பிறரைக் கண்டிக்க 'ஷிட்சுரே நா ஹிதோ' (மரியாதையற்ற ஆள்) என்று சொல்வதும் உண்டு. இருந்தாலும் அன்றாடம் காதில் விழுவது தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்குத்தான்.

புரே மேலிருந்து கீழே பாயும் சொல். சரித்திர நாடகங்களில் சாமுராய் 'புரேமோனோ!' (மரியாதை கெட்டவனே!) என்று அதட்டினால் அடுத்து வாள் உருவப்படும். வெறும் நாடகம் அல்ல இது. 1742இல் உருவான ஷோகுன் அரசின் சட்டத்தொகுப்பு, பொறுக்க முடியாத அவமதிப்பு செய்த எளியவரை வெட்டிய சாமுராய்க்கு, விசாரணையில் அது மெய்யென்று தெரிந்தால், தண்டனை இல்லை என்றது. இப்படி வெட்டுவதற்குப் பெயரே 'புரேஉச்சி'. 1862இல் யோகோஹாமா அருகே நாமாமுகியில், ககோஷிமாவை ஆண்ட பிரபு குலத்தைச் சேர்ந்த ஷிமாசு ஹிசாமிட்சுவின் ஊர்வலத்துக்குள் குதிரையோடு புகுந்த சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில வணிகர், அதை புரே என்று கருதிய சாமுராய்களால் கொல்லப்பட்டார். அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமாவைக் குண்டுவீசித் தாக்கின.

இன்றைய அலுவலக விருந்தில் புரே சற்றே சாதுவாகிறது. 'இன்றிரவு புரேகோ' என்று மேலாளர் அறிவித்தால், பதவி வேற்றுமை பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். அந்த அனுமதியும் மேலிருந்துதான் வருகிறது என்பதால் கீழே இருப்பவர்கள் அளவோடுதான் பேசுவார்கள்.

தன்னைச் சுட்டும் 'கோபுரே' என்ற பணிவு வழக்கும் உண்டு; அது பழைய பாணி. ஆகவே ஜப்பானிய மொழி பயில்வோரே, ஷிட்சுரேயை 'ஷிமாசு'வோடு சேர்த்தே பழகுங்கள். புரேயைக் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். எவரை நோக்கியும் சொல்லாதீர்கள்.