அம்பாங் பெச்சா: உடைந்தது அணை, உடைத்தது யார்?

சிலாங்கூரில், கோலகுபு பாருவிலிருந்து ரவாங் பக்கம் போகிற சாலையில் சிறிது தூரத்திலேயே அம்பாங் பெச்சா வந்துவிடும். மலாயில் ‘பெச்சாஹ்’. அந்தக் கடைசி மூச்சொலிக்குத் தமிழ் வாயில் இடமில்லை, விழுந்துவிட்டது. அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. இவ்வளவு பச்சையாக வாக்குமூலம் கொடுக்கும் ஊர்ப்பெயர் அபூர்வம்.

அம்பாங் ஈயத்தொழிலின் சொல். சுரங்கத்து மண்ணைக் கழுவித் தாதைப் பிரிக்க ஓயாமல் தண்ணீர் வேண்டும். அதற்காக ஆற்றை மறித்தார்கள். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சீனத் தொழிலாளர்கள் ஈயம் தோண்டப் போன கோலாலம்பூர் அம்பாங்குக்கும் அணையால் வந்த பெயர்தான். அங்கே பெயர் அதோடு நின்றது. இங்கே ‘பெச்சா’ ஒட்டிக்கொண்டதற்கு ஒரு தேதி உண்டு: 1883 அக்டோபர் 29. அன்று பழைய அணை உடைந்து, அப்போது இங்கே இருந்த கோலகுபுவை வாரிக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் வெள்ளத்தில் மாண்டார்.

பெருமழை, பழைய அணை என்று காரணம் சொல்லலாம். ஊர்க்கதை அதை ஏற்காது. அணையில் ஒரு வெள்ளை முதலை காவல் இருந்ததாம், வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் துரை அதைச் சுட்டாராம், அணை போயிற்றாம். செத்தவர் பட்டியலில் துரையும் இருந்தது கதைக்கு எவ்வளவு வசதி!

அந்த முதலை ‘புவாயா பூத்தே’. புவாயா மிகப் பழைய சொல். பிலிப்பைன்ஸிலும் முதலைக்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தான். பூத்தே வெறும் வெள்ளை. ஆனால் ஊர் மக்கள் அதற்குக் கொடுத்த பட்டம் ‘கெராமாட்’, அரபியிலிருந்து வந்தது. இறைநேசர்கள் நிகழ்த்தும் அற்புதத்தைத் தமிழ் முஸ்லிம்கள் கராமத்து என்பார்கள். மலாயில் அது அற்புதத்திலிருந்து அதைச் செய்தவரின் சமாதிக்கும், பிறகு மரத்துக்கும் பாறைக்கும் விலங்குக்கும் தாவியது. சிலாங்கூரில் அதிகாரியாக இருந்த ஸ்கீட், 1900இல் வெளிவந்த ‘மலாய் மேஜிக்’ நூலில், ஒரு கால் சிறுத்த கெராமாட் புலிகளையும் யானைகளையும் பற்றி எழுதியிருக்கிறார். தோட்டத்துத் தமிழர்களுக்கு இது புதிதா என்ன? தவம் செய்தவருக்கு வைத்த ‘முனி’ என்ற பெயர்தானே, பால்மரக் காட்டு எல்லையில் சுருட்டும் படையலும் கேட்கிற காவல் தெய்வத்துக்கும் வந்து சேர்ந்தது!

வடக்கே தாய்லாந்தில் ஆவிப் பெயர்களில் நம் சரக்கும் கலந்திருக்கிறது. யக்ஷன் அங்கே ‘யக்’; குமரி மாவட்டத்தில் யக்ஷி இயக்கியாகி, பிறகு இசக்கியானாள். நாகம் ‘நாக்’, கருடன் ‘க்ருட்’. முதலைக்கதையும் உண்டு: பிச்சித் ஊரில் செல்வந்தர் மகளைக் கவ்விக்கொண்டு போய், நீருக்கடியில் குகைக்குள் மனித உருவெடுக்கும் சாலவன். அவனைக் கொன்ற கிரைத்தோங்கின் கதையை மன்னர் இரண்டாம் ராமாவே நாடகமாக எழுதினார். சாலவனுக்குப் பெயர், வீடு, காதல் எல்லாம் உண்டு. நம்ம ஊர் முதலைக்கு ஒரு நிறம் மட்டும்தான். அதுவும் எழுதாத கதையில். பெயர்ப்பலகையில் முதலை இல்லை.

1883க்குப் பிறகும் வெள்ளம் விடவில்லை. ஈயக்கழிவு மணலால் ஆற்றுப்படுகை மேடேறியது. கடைசியில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் மேட்டில் திட்டமிட்ட புதிய ஊருக்கு, 1930ஐ ஒட்டிக் கோலகுபு குடிபெயர்ந்தது. போன இடம் ‘பாரு’, அதாவது புதியது. விட்ட இடம்தான் அம்பாங் பெச்சா. 1972 எழுத்துச் சீர்திருத்தத்தில் மலாய் பெச்சாஹ் (Pechah) ஓர் எழுத்தை இழந்து Pecah ஆனது. தமிழுக்கு அதனால் நட்டமில்லை.

2000களின் தொடக்கத்தில், கோலகுபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்றில் மறுபடி அணை கட்டினார்கள், இம்முறை குடிநீருக்காக. தெமுவான் பழங்குடிகள் வாழ்ந்த கெராச்சி, பெரெத்தாக் கிராமங்களை இடம் மாற்றினார்கள். அந்த அணைக்கு மலாயில் ‘எம்பாங்கான்’ என்று பெயர். அம்பாங்கும் எம்பாங்கும் ஒரே சொல்தான், முதல் எழுத்து மட்டும் வேறு.