உயர்மாடிக் கட்டடங்களில் குடிநீர், தீயணைப்புக் குழாய்கள்: செயல்படுவது எப்படி?

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-ன்படி, 15 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட உயரம் கொண்டவை உயர்மாடிக் கட்டடங்கள் ஆகும். இவற்றில் குழாய்ப் பணியின் முதன்மைச் சவால் நீரின் அழுத்தமே.

அழுத்த மண்டலங்கள்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் அதிகரிக்கிறது. 90 மீட்டர் உயரக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இது 9 பாரை நெருங்கும், இணைப்புகள் பழுதடையக்கூடும். எனவே கட்டடம் பல அழுத்த மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அழுத்தக் குறைப்பு வால்வுகள் பொருத்தப்படுகின்றன. மாறாக, தொட்டியை ஒட்டிய மேல்தளங்களில் அழுத்தம் போதாததால் பூஸ்டர் பம்புகள் தேவைப்படுகின்றன.

தீயணைப்பு ஏற்பாடு

தீயணைப்பு வாகன ஏணி எட்டாத தளங்களுக்குக் கட்டடத்தின் உள்ளமைப்பே பாதுகாப்பு. அங்குள்ள செங்குத்துக் குழாயில் எப்போதும் அழுத்தத்துடன் நீர் நிரம்பியிருக்கும். சிறு அழுத்தக் குறைவை ஜாக்கி பம்பு ஈடுசெய்யும். தீ விபத்தின்போது முதன்மை மின் பம்பும், மின்சாரம் தடைபட்டால் டீசல் பம்பும் இயங்கும். பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட பம்புகள் மீண்டும் தானியங்கி நிலைக்கு மாற்றப்படாவிட்டால், ஆபத்து நேரத்தில் அவை தாமாக இயங்கா.

இடைவெளி அடைப்பு

குழாய்கள் தளங்களைக் கடக்கும் இடைவெளிகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். இல்லையெனில் குழாய்கள் செல்லும் ஷாஃப்ட் புகைபோக்கியாக மாறி, நச்சுப் புகையை மேல்தளங்களுக்குக் கொண்டு செல்லும்.