கூலி போன தூரம்

தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக்கடை. போன தை மாதம் அண்ணன் மகளுக்குத் தோடு எடுக்கப் போயிருந்தோம். விற்பனைத் தம்பி போட்டுக் காட்டிய கணக்கில் முதலில் எடை, பிறகு அன்றைய விலை, அதன் கீழே ஒரு வரி: செய்கூலி. அதற்கும் கீழே சேதாரம்.

"செய்கூலியில கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி" என்றார் அண்ணி.

"கல் வெச்சதுக்கா. இதுல குறைச்சா கட்டாது."

கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார், கொஞ்சம் குறைந்தது. அண்ணிக்குத் திருப்தி. நான் தோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடுகளவு சிவப்புக் கல்லைச் சுற்றி மயிரிழைக் கம்பியை முறுக்கி, அதன் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாகப் பொன்மணி வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் எந்த ஊரில், எந்த விளக்கின் கீழ் குனிந்திருந்தாரோ தெரியாது. அவர் இருக்கிறார் என்பதற்கு அந்தக் காகிதத்தில் இருந்த ஒரே சாட்சி செய்கூலி என்ற சொல்தான். நாங்கள் பேரம் பேசியது அதைத்தான்.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தரவேண்டிய காசு. வண்டிக்கூலி, தையல்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அறுப்புக்கூலி, நாள்கூலி, வாரக்கூலி என்று முன்னால் வேலையின் பெயரோ காலத்தின் பெயரோ வரும், பின்னால் கூலி நிற்கும். வேலை செய்கிறவரைச் சொல்லவேண்டுமானால் கூலிக்காரர், கூலியாள் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். கூலிக்கு மாரடிப்பது, கைக்கூலி, கூலிப்படை என்று வசவாக வரும் இடங்களிலும் அது காசைத்தான் குறிக்கிறது. மனம் ஒட்டாமல் காசுக்காகச் செய்கிறான் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே சொல்லுக்கு இதே பொருள்.

மயிலாப்பூரில் பிறந்தவர் என்று இந்த ஊர் நம்பிக் கோயிலும் கட்டி வைத்திருக்கிற வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல்லை எடுத்தாள்கிறார். தெய்வமே கைவிட்டாலும் உடம்பு வருந்திய உழைப்புக்கு உரியது வந்தே தீரும் என்று சொல்லும் இடத்தில், அந்த 'உரியது' என்பதற்கு அவர் தேர்ந்த சொல் கூலி. இரக்கப்பட்டு யாரோ போடுவதாக அவர் அதைச் சொல்லவில்லை. செய்த வேலைக்குச் சேரவேண்டிய கடனாகவே அது அங்கே வருகிறது.

கூலம் என்றால் தானியம். பூம்புகாரில் கூலவீதி இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். கூலமாக அளந்து கொடுத்ததால் கூலி ஆயிற்று என்று சொல்லாய்வாளர் சிலர் பொருள் கூறுவார்கள். காவிரிப் படுகையின் களத்துமேட்டை நினைத்தால் எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. அங்கே அண்மைக்காலம் வரை கூலி என்றால் படியில் அளக்கிற நெல். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த ஊர் உழைப்பாளிகள் கேட்டிருந்தது கூடுதலாக அரைப்படி நெல்.

இந்தச் சொல்தான் கப்பலேறியது. ஏறும்போது எங்கே எப்படி உருமாறியது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. குஜராத் கரையில் வாழ்ந்த கோலி மக்களின் பெயரைப் போர்ச்சுகீசியர்கள் சுமைதூக்குவோர் எல்லாருக்கும் பொதுப்பெயராக்கினார்கள் என்பது ஒன்று. சோழமண்டலக் கரையில் கும்பினியார் காதில் விழுந்த நம் கூலியே என்பது மற்றது. 1886-ல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சன் இரண்டையும் வைத்துப் பேசுகிறது. இரண்டு ஓடையும் ஒரே ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். எப்படியானாலும் ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது ஒன்று நடந்துவிட்டது. நம் ஊரில் ஆளின் கைக்கு வரவேண்டியதைக் குறித்த சொல், அங்கே ஆளையே குறித்தது. காசு உதிர்ந்துபோய் முதுகு மட்டும் மிஞ்சியது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை 1834-ல் ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை ஒழியவில்லை. அதே ஆண்டிலிருந்து ஒப்பந்தக் கப்பல்கள் மொரீஷியசுக்குப் போகத் தொடங்கின. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' நவம்பர் 16-ல் டர்பன் துறையில் நின்றது. இறங்கியவர்களின் பெயர்களில் 'சாமி' என்ற ஒலி அடிக்கடி வந்ததால், நேட்டாலின் வெள்ளையர்கள் இந்தியர்களைக் 'கூலி' என்றும் 'சாமி' என்றும் அழைத்தார்கள். சாமி என்றால் எசமான் என்று பொருள் என்பதைக் காந்தி தம் சுயசரிதையில் எடுத்துச் சொல்கிறார். அவரையே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். இரண்டு தமிழ்ச் சொற்கள் வசவாகப் போன கதை இது. சீனத் துறைமுகங்களிலும் இந்த ஒலி போய் ஒட்டிக்கொண்டது. அங்கே அதை எழுத எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்குக் கசப்பு, மற்றதற்கு வலிமை என்று பொருள்.

சீனர்களோடு அது அமெரிக்காவுக்குப் போனது. 1862 பிப்ரவரி 19-ல் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் கப்பல்களில் அமெரிக்கர்கள் 'கூலி வணிகம்' செய்யக் கூடாது என்பது அதன் சாரம். க்யூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சீனர்களை ஏமாற்றியும் இழுத்தும் கொண்டுபோனதைத் தடுக்க வந்தது அது. அடிமை ஒழிப்பின் அதே மூச்சில் பிறந்தது. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், கலிபோர்னியா மாநிலம் இன்னொரு 'கூலி எதிர்ப்பு'ச் சட்டம் போட்டது. வெள்ளைத் தொழிலாளரைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, அங்கே வேலை செய்த சீனர் மீது மாதம் இரண்டரை டாலர் வரி. ஒரு சட்டம் காப்பாற்ற வந்தது, மற்றது விரட்ட வந்தது. இரண்டின் தலைப்பிலும் நம் கூலி இருக்கிறது. அந்த மனிதருக்கு எவ்வளவு கூலி கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்க வேண்டும் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அவர்களேதான். சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் 1867 ஜூன் மாதம் வேலையை நிறுத்தினார்கள். மாதம் 40 டாலர் வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும் என்றார்கள். ரயில் கம்பெனி மலைமேல் போகும் சாப்பாட்டை நிறுத்தியது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் போராட்டம் அடங்கியது. வயிற்றில் அடித்து முடித்துவைத்த அந்த வாரம் கூலி என்ற சொல்லின் வரலாற்றில் எழுதப்பட வேண்டியது என்று நினைக்கிறேன். 'கூலி' என்று பட்டம் சூட்டப்பட்டவர்கள், அதன் தமிழ்ப் பொருள் தெரியாமலே, அந்தப் பொருளைத்தான் கேட்டார்கள்.

அமெரிக்காவில் அது தொழிலாளர்கள் சீர்திருத்தம் கேட்டுப் போராடிய காலமும்கூட. 1886 மே முதல் நாள் எட்டு மணிநேர வேலைக்காகச் சிக்காகோவில் திரண்ட கூட்டத்தின் பயனை இன்று நாம் அனைவரும் அனுபவிக்கிறோம். ஆனால் அந்தத் தொழிற்சங்க மரபில் வந்த அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பே, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இறைச்சி தின்னும் அமெரிக்கனா, சோறு தின்னும் ஆசியக் கூலியா, எது பிழைப்பது என்று தலைப்பிட்டுப் பிரசுரம் போட்டது. சோறு தின்பவர்களின் பிள்ளையாக இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. சீர்திருத்தத்தின் பந்தியில் யாருக்கு இலை போடுவது என்பதை அங்கே ஒரு சொல் தீர்மானித்தது. அது நம் வீட்டுச் சொல்.

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்ற சட்டம் 1882 மே 6-ல் கையெழுத்தானது. அதே மே மாதக் கடைசியில், அந்த நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அடையாற்றின் தென்கரையில் பார்த்த ஒரு தோட்டம் பிடித்துப்போனது. ஹென்றி ஸ்டீல் ஆல்காட். நியூ ஜெர்சிக்காரர்; வேளாண்மைச் சீர்திருத்தம் எழுதியவர்; உள்நாட்டுப் போரின்போது ராணுவக் கொள்முதலில் நடந்த மோசடிகளைத் துருவி எடுத்தவர். 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபையை அதே 1882 டிசம்பரில் அடையாற்றுக்குக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த சேரிகளைப் பார்த்து 1894-ல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பின்னால் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். முதல் பள்ளி பெசன்ட் நகர்ப் பக்கம் இன்றும் நடக்கிறது. ராயப்பேட்டையில் 'தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதரோடு 1898-ல் இலங்கைக்குப் போனவரும் ஆல்காட்தான். அமெரிக்கச் சீர்திருத்தத்தின் நல்ல பாதி நம் ஊருக்கு வந்தது என்றால் இவர் வழியாகத்தான்.

அதே தோட்டத்திலிருந்துதான் இன்னொருவர் புறப்பட்டார். பி. பி. வாடியா, பம்பாய்ப் பார்சி. அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் ஆட்களுக்கு நண்பகலில் அரை மணிதான் ஓய்வு. அதற்குள் வெளியே வந்து தின்று திரும்ப முடியாமல் திண்டாடினார்கள். அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வாடியாவைத் தேடிப் போய்ச் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், அதைத் தமிழில் சொல்வார்கள். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு. வி. க. தம் தமிழோடு வந்து நின்றார்.

சங்கத்தின் தமிழ்ப் பெயரில் கூலி இல்லை, தொழிலாளர் இருக்கிறது. தொழிலாளி என்ற அமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கடனாளி, அறிவாளி, முதலாளி என்று எதை உடையவரோ அதன் பின்னால் ஆளி வரும். முதலை உடையவர் முதலாளி; தொழிலை உடையவர் தொழிலாளி. ஒரே விகுதி, ஒரே உயரம். ஆலைக்கு உள்ளே தலைகுனிந்து நின்றவரும் ஆலையின் சொந்தக்காரரும் இலக்கணத்தில் சமமாக உட்கார்ந்துவிட்டார்கள். இவ்வளவு கௌரவமாக இந்த இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்திருக்கிறது மொழி.

1919 இலையுதிர்காலத்தில் வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. இந்தியத் தொழிலாளர் தரப்பில் என். எம். ஜோஷி, ஆலோசகராக வாடியா. உலகத்துக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று அங்கே தீர்மானித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ தனிப் பிரிவு: வாரம் 60 மணி. கலிபோர்னியா சட்டத்தில் இருந்த கோடு அந்த 12 மணிநேரத்திலும் ஓடுகிறது. இருந்தாலும், 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் உயர் நீதிமன்றக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் கூட்டிச் செங்கொடி ஏற்றினார். அவர் நடத்திய தமிழ் வார இதழின் பெயர் 'தொழிலாளன்'. மெரினாவில் 1959-ல் ராய் சௌத்ரி வார்த்து நிறுத்திய நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்கும் உழைப்பாளர் என்றுதான் பெயர்.

இதற்கிடையே கூலி ஆளாக மாறி ஊர் திரும்பிவிட்டது. ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக நிற்பவரை ஆங்கிலமும் இந்தியும் கூலி என்றன. சினிமாக்காரர்கள் அதைத் தமிழ்ச் சுவரொட்டியில் எழுதினார்கள். 2016-ல் ரயில்வே அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'சகாயக்' என்று வைத்தது. அவர்களுக்குப் புதுப்பெயர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லின் மேல் விழுந்த பழியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஊதியம், மதிப்பூதியம், சம்பளம் என்று மேலே மேலே படி கட்டி, கடைசிப் படியில் கூலியைத் தள்ளிவிட்டோம். குறள் எழுதிய காலத்தில் ஊதியம் என்றால் இலாபம். உழைத்தவர் கைக்கு உரிமையாய் வருவது கூலி.

மயிலாப்பூரில் எங்கள் தெரு முனையில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் அங்கே வாரக்கூலி பட்டுவாடா. போன வாரம் காய்கறிப் பையோடு நின்று பார்த்தேன். மேஸ்திரி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, நோட்டுப்புத்தகத்தில் பெயரைப் படித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். சித்தாள் ஒருவரின் முறை வந்தது. தலையில் சும்மாடு இன்னும் இருந்தது. முழங்கை வரை சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது.

"வியாழக்கிழமை மழை. உனக்கு அரை நாள்தாம்மா."

"மழை மூணு மணிக்குண்ணே வந்துச்சு. அதுக்குள்ள ஜல்லி பூரா மேல ஏத்திட்டோம். மாடியில போய்ப் பாருங்க."

மேஸ்திரி அண்ணாந்து மாடியைப் பார்த்தார். பென்சிலால் எதையோ அடித்தார்.

"முழுக் கூலி எழுதுங்கண்ணே" என்றார் அவர். எழுதி முடிக்கும் வரை நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாங்கி, இரண்டு முறை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார்.