வரப்புக்குள்ள புதைச்ச ஓட்டாஞ்சில்லு

போன ஆடியில எங்க மேட்டுக்கொல்லையை ஓட்டும்போது ஓட்டாஞ்சில்லு நிறைய கிளம்பிச்சு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. கால்ல குத்துதேன்னு கூடையில அள்ளி, வரப்பு உடைஞ்ச இடத்துல கொட்டி மண்ணைப் போட்டு மூடிட்டேன்.

அப்புறம் ஒரு வேலையா புதுச்சேரி போனப்ப அங்க இருக்கிற அருங்காட்சியகத்துக்குள்ள நுழைஞ்சேன். கண்ணாடிப் பெட்டியில அதே மாதிரி சில்லு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

கறுப்பு சிவப்புப் பானைங்கிறது இரண்டாயிரம் வருசத்துக்கும் முந்தின வேலை. பானையைக் கவுத்து வச்சு சுடுவாங்க. உள்ளே காத்து போகாததால உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுக்கும். காத்து படுற வெளிப்பக்கம் சிவக்கும். ஒரே சூளை, ரெண்டு நிறம்.

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டி அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கு அரிக்கமேடு. 1945ல மார்டிமர் வீலர் அங்க தோண்டினார். ரோமானியர்களோட கூர்அடி ஜாடிகள் கிடைச்சுது. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், உப்புப் போட்டு ஊற வச்ச மீன் சாறு எல்லாம் அதுல வந்த சரக்கு. உப்பளத்துக்காரன் எனக்கு அந்த மீன் சாறுதான் மனசுல நின்னுச்சு.

கூடவே மெல்லிசான தட்டுகளும் கிடைச்சுது. தட்டோட உள்பக்க அடியில, பொடிப்பொடிப் புள்ளியா குத்தின வட்டங்கள், ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். இந்த வேலைப்பாடு மத்தியதரைக் கடல் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு வீலர் நினைச்சார். பின்னாடி வந்தவங்க தட்டோட மண்ணையே சோதிச்சு, இது இந்தியாவுல செஞ்சதுன்னு சொன்னாங்க. இதே வகைத் தட்டு கடல் தாண்டி பாலித் தீவு வரைக்கும் போயிருக்கு.

கொங்குநாட்டுக் கொடுமணல்ல இன்னொரு வகை. செங்காவி நிறப் பானையில வெள்ளைக் கோடு கோடா தீட்டியிருக்காங்க. நம்ம வீட்டுப் பொங்கப் பானையிலயும் சுண்ணாம்பும் காவியும் இழுக்கிறோமே, அதைப் பார்த்த மாதிரியே இருந்துச்சு.

அரிக்கமேட்டுச் சில்லு சிலதுல தமிழ் பிராமி எழுத்துல ஆள் பேரு கீறியிருக்கு. பானை உடைஞ்சும் பேரு போகலை. நான் வரப்புல கொட்டினதுல எத்தனை பேரு இருந்துச்சோ!

வீடு திரும்பினதும் மண்வெட்டி எடுத்துட்டு வரப்புக்குப் போனேன். வெட்டினா இருக்கிறதும் நொறுங்கிடும்னு கை வரலை. வி.ஏ.ஓ. கிட்ட விஷயத்தைச் சொல்லி வச்சிருக்கேன். மேட்டுக்கொல்லையில இந்த வருசம் ஆழ உழவு கிடையாது.

பட்டணத்துல இருக்கிற நீங்களும் ஊர்ல நிலம் வச்சிருப்பீங்க. வீடு கட்ட வானம் தோண்டும்போது சில்லு கிளம்பினா, லாரியில ஏத்தி அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணைக் கையில எடுத்துத் துடைச்சுப் பாருங்க.